முன்னால் போனவரின் தூசி

மைசூரில், சாமுண்டி மலை தெரியும் மைதானத்தில், தேசிய மோட்டோகிராஸ் பைக் பந்தயத்தின் கடைசிச் சுற்று முடிந்து டூ-ஸ்ட்ரோக் புகை மெல்லக் கலைகிறது. மாலை வெயில் தூசியில் மஞ்சளாக நிற்கிறது. ‘1996’ என்று எழுதிய துணிப் பதாகையின் கீழே செந்தில்நாதன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். இரண்டாமிடம். கண்ணாடி மறைத்த இடத்தைத் தவிர முகமெல்லாம் செம்மண். ஹனூரிலிருந்து கூடவே வந்திருக்கும் மனைவி மகேஸ்வரி ஈரத்துண்டை நீட்டுகிறாள். “தொடைங்க, மூஞ்சியே தெரியலீங்க.” அவர் வாங்கவில்லை. “இருக்கட்டும் மகேசு. போன வருசமெல்லாம் ப்ரத்யும்னா கெளப்புன தூசு, நான் போறதுக்குள்ள அடங்கிப் போயிருமே.” ஒரு வண்டிக்கு இவ்வளவுக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது என்ற விதி இந்த ஆண்டுதான் வந்திருக்கிறது. ஜெயித்த ப்ரத்யும்னா, இந்த முறை வெளிநாட்டு டயர்கள் அடுக்கியிராத தன் வேனிலிருந்து கழுத்தைத் தேய்த்தபடி வருகிறார். “திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்தே புடிச்சுக்கிச்சு குரு. இத்தனை வருஷம் பாக்கறதுக்குப் பின்னாடி யாரு இருந்தா?” என்று சிரித்துக் கையை நீட்டுகிறார். செந்தில்நாதன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். மகேஸ்வரி துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறாள்.