ஒன்று அதிகம்

“இருநூத்திப் பதினேழு. எழுதிக்குங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளைக்கு எழுதக் கை வரவில்லை. மணல்திட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த உள்ளான் குருவிகளை மாமனார் தொலைநோக்கிகூட இல்லாமல், விரலை ஆட்டி ஆட்டி எண்ணி முடித்திருந்தார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். எப்பேர்ப்பட்ட கூட்டத்திலும் தலைக்கணக்கு தப்பியதில்லை என்று பெண் பார்க்கப் போன அன்றே மாப்பிள்ளையிடம் சொன்னவர்.

கடல் வற்றும் சில மணி நேரம் மட்டும் கரைக்குப் பாதை விடும் குட்டித் தீவு அது. இலையுதிர்காலக் கணக்கெடுப்புக்குப் பறவைச் சங்கத்தார் ஏழு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைதான் தலைவர். வீட்டில் இருப்புக் கொள்ளாத மாமனார், எட்டாவதாகத் தொற்றிக்கொண்டார்.

படம் இல்லாமல் எந்த எண்ணிக்கையையும் சங்கம் ஏற்பதில்லை என்று மாப்பிள்ளை நயமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் குபீரென்று எழும்பியது. கேமராக்காரப் பெண் ஒரே படத்தில் அத்தனையையும் அடக்கிவிட்டாள். திரையில் பெரிதாக்கி இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். இருநூற்றுப் பதினாறு.

எல்லோரும் கை தட்டினார்கள். வெறும் கண்ணால் எண்ணி ஒன்றே ஒன்று பிசகுவது சும்மாவா? மாப்பிள்ளைக்கே பெருமையாக இருந்தது.

“ஒண்ணுதானே மாமா, விடுங்க.”

மாமனாரின் முகம் சுண்டிப்போனது. “ஒண்ணுதானேன்னு நான் ஒருநாளும் விசில் கொடுத்ததில்லை மாப்பிள்ளை.”

பிற்பகல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாதையருகே எல்லோரும் கூடியபோது மாமனாரைக் காணோம். கோபித்துக்கொண்டு முன்னாடியே போயிருப்பார் என்றார் ஒருவர். மாப்பிள்ளை போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாதையில் கணுக்காலளவு தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் போனால் பாதையே இருக்காது. வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது?

மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தேடக் கிளம்பியபோது, பாறை முனையைச் சுற்றி மாமனார் வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார். மேலே பனியன் மட்டும்தான். சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“ஒரு எண்ணுக்காக உசிரை விடப் பார்த்தீங்களே மாமா. அப்படி என்ன வீம்பு?”

மாமனார் சட்டையை மெல்லப் பிரித்தார்.

உள்ளே ஒரு உள்ளான் குருவி. காலில் இறுகியிருந்த தூண்டில் நரம்பின் மறுமுனையில், மாட்டியிருந்த கல்லும் அப்படியே கிடந்தது.

“உங்க கணக்கும் சரி, என் கணக்கும் சரி. ஒருத்தரால மட்டும் வண்டி ஏற முடியலை மாப்பிள்ளை.”