பதினேழு பின்

“சீக்கிரம் பாரும்மா, மலையிலேருந்து வந்த மனுசன் தவிச்சிக்கினு கெடக்கறாரு” என்று வெங்கடேசன் மூன்றாவது முறையாகச் சொன்னார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், பிரசவ வார்டு வாசலில் நிற்கும் புருஷன் மாதிரி ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரி ராதிகா நிமிரவில்லை. லென்சுக்குக் கீழே மதர்போர்டு. அதில் ப்ராசசர் உட்காரும் சதுரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பின், ஒவ்வொன்றும் முடி கனம். பதினேழு பின் சாய்ந்து கிடந்தன. ஒன்று ஒடிந்தாலும் போர்டு குப்பைக்குத்தான்.

“எப்பிடிண்ணே வளைஞ்சிது?”

“தூசி தொடச்சேன். துணி மாட்டிக்கிச்சி.”

“போன மாசமும் துணிதான் மாட்டிச்சி.”

“இன்னா பண்றது, என் போர்டுக்கு உன் கை மேல ஆசை.”

ராதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. கீழே குந்தியிருந்த சடையனுக்கு வரவில்லை. கல்வராயன் மலையில் விடிகாலையில் பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு, இரண்டு டிராக்டர் நிறைய, வெங்கடேசன் மண்டி வாசலில் நிற்கிறது. அங்கே எடை மேடைக்கு மூளையே இந்தக் கம்ப்யூட்டர்தான். இது உயிர் பெறாமல் எடைச் சீட்டு வராது, சீட்டு வராமல் கிழங்கு இறங்காது.

“தாயீ, நேரம் ஆவ ஆவ கெழங்கு காயுது” என்றார் சடையன். “மில்லுல மொதலாளிக்கு மாவுக்குக் காசு, எங்களுக்கு எடைக்குத்தான் காசு. போன தடவ பொழுது சாயற வரைக்கும் நின்னதுல மூணு மூட்டை எடை ஆவியாப் போச்சி. பத்து மாசம் காவல் காத்த கெழங்கும்மா. இந்த வாட்டியாவது வூட்டுக்கு ஓடு மாத்தலாம்னு இருக்கேன்.”

“வேற மேடையில எடை போட்டுக்கினு வரலாமே?”

“வெளி எடைய மொதலாளி எடுக்க மாட்டாருங்க.”

வெங்கடேசன் கையை விரித்தார். “நான் எடுத்துக்குவேன், ஜவ்வரிசி மில்லுக்காரன் ஒத்துக்கணுமே. நீ கவலப்படாத சடையா. வேலைய வுட்டுட்டு உன் கூடவே நிக்கிறேன் இல்ல? எந்த வியாபாரி நிப்பான்?”

சடையன் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு ராதிகாவை என்னவோ செய்தது. மின்விசிறியை நிறுத்தினாள். அடித்த போனை எடுக்கவில்லை. ஊசி முனையால் பின்னின் கழுத்தைத் தொட வேண்டும், மயிரிழை நிமிர்த்த வேண்டும், விட வேண்டும். கொஞ்சம் ஜாஸ்தி ஆனால் உடையும், கொஞ்சம் கம்மி ஆனால் பக்கத்துப் பின்னில் மோதும்.

“நிதானமா செய்யி. அவசரத்துல ஒடிச்சிடாத” என்றார் வெங்கடேசன்.

“வாணாம் மொதலாளி, அந்த அம்மா கை நல்லா ஓடுது” என்றார் சடையன். இத்தனை நேரத்தில் அவர் முகத்தில் முதல் தெளிச்சல் அது.

போன மாதம் ஏழு மணி நேரம் பிடித்த வேலை. இப்போது புது லென்ஸ். பதினொன்றே காலுக்கெல்லாம் பதினேழாவது பின்னும் பரேடு போலீஸ் மாதிரி நிமிர்ந்து நின்றது. ப்ராசசரை உட்கார வைத்து, ஒயரைச் செருகி, பட்டனைத் தட்டினாள்.

திரையில் வெளிச்சம் வந்தது.

சடையன் எழுந்தே விட்டார். “நல்லா இருப்ப தாயீ. உன் கைக்கு ஒரு கொறையும் வராது.”

“பாத்துக்கினு நின்னா எப்பிடி?” வெங்கடேசன் அவர் தோளைத் தட்டினார். “ஓடு, மொதல் வண்டிய மேடை மேல ஏத்தி நிறுத்து. பின்னாலயே வரேன்.”

சடையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். தெருமுனை திரும்பும் வரை வெங்கடேசன் வாசலில் நின்று பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிளக்கைப் பிடுங்கி, ப்ராசசரைக் கழற்றச் சொன்னார்.

“ஏண்ணே, நல்லாத்தானே ஓடுது?”

வெங்கடேசன் ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“இன்னும் அஞ்சு மணி நேரம் வெயில் இருக்குது, திரும்ப வளைச்சிடு.”