அப்பளமும் அருவியும்

குடியிருப்பின் வாசல் சுவரிடம் யார் குறை சொன்னாலும், அது சொன்னபடியே படமாக வரைந்துவிடும். மாடிவீட்டு ஜெசிந்தாவின் ஈரச்சேலை தன் அப்பளத்தின்மேல் அருவியாய்க் கொட்டுகிறது என்று பூங்கோதை சொல்லிவைத்தாள். காலையில் சுவரில் சேலை அருவியாகக் கொட்டியது. கீழே பூங்கோதை அப்பளத்துக்குக் குடைபிடித்து நின்றாள். தெருவே சிரித்தது.

மறுநாள் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். குறை சொன்னவரும் சொல்லப்பட்டவரும் சேர்ந்து கேட்டால்தான் சுவர் படத்தை அழிக்கும். ஜெசிந்தாவோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. வேறு வழியின்றி, பூங்கோதை மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

ஜெசிந்தா இறங்கி வந்து, படத்தில் கொடியருகே நின்ற தன்னை உற்றுப் பார்த்தாள்.

"என் மூக்கு இவ்ளோ பெருசுன்னா சொன்னீங்க அக்கா?"

"அழித்துவிடவா?" என்று சுவர் கேட்டது.

"இரு," என்றாள் பூங்கோதை. "முதல்ல அவ மூக்கை ஒழுங்காப் போடு. அழிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."