ஏழு மணிச் சேலை

"டிவியப் போடச் சொன்னேனே, காதுல விழலையா?"

கட்டிலில் சாய்ந்திருந்த அன்னலட்சுமி மறுபடியும் கேட்டாள். ரிமோட்டை இடுப்பில் செருகி வைத்துக்கொண்டே ராஜலிங்கம் அதை மேசை மேலே தேடுவதுபோலப் பாவனை செய்தார்.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருல்ல அன்னம்? ஒருநாள் செய்தி பார்க்காட்டி என்ன குடிமுழுகிப் போகுது?"

"செய்திய யாரு பார்க்கப் போறா? சஞ்சீவனி என்ன சேலையில வருதுன்னு பார்க்கணும். ஆஸ்பத்திரியில கெடந்த அத்தனை நாளும் பார்க்கல."

அது உண்மைதான். நாட்டில் அரசாங்கம் மாறினாலும் அன்னலட்சுமிக்கு அது அப்புறம்தான். ஏழு மணிச் செய்தி வாசிக்கும் சஞ்சீவனியின் சேலைதான் அவளுக்குத் தலைப்புச் செய்தி. கரை எடுப்பாக இருக்கிறதா, மடிப்பு படிந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். செய்தி முடிந்த கையோடு, கொழும்பில் வேலை செய்யும் மகள் கலாராணிக்குப் போன் போட்டு அத்தனை குறையையும் கொட்டித் தீர்ப்பாள். அந்தப் பக்கம் மகள் சிரிப்பது இந்தப் பக்கம் ராஜலிங்கத்துக்கும் கேட்கும்.

இனிக் கேட்காது. இன்று காலையில் வேலைக்குப் போக வீதியைக் கடந்த கலாராணியை ஒரு லொறி அடித்துப் போட்டுவிட்டது.

நெஞ்சுவலி வந்து படுத்த அன்னலட்சுமி, கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் புசல்லாவைக்கு வீடு திரும்பியிருந்தாள். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக் காலையில் ஊர் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளலாம் என்று ராஜலிங்கமும் மகன் ரவிகுமாரும் முடிவு செய்தார்கள். துக்கம் கேட்டு வந்தவர்களையெல்லாம் ரவிகுமார் வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். இன்றைக்கு மட்டும் செய்தியில் அக்காவின் பெயர் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் போன் பண்ணிக் கெஞ்சியும் வைத்திருந்தான். பெற்ற மகளுக்காக வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல் ராஜலிங்கம் அடிக்கடி பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"கலா ஏன் இன்னைக்கு போனே எடுக்க மாட்டேங்கிறா?"

"இப்பதான் பேசினா. நீ கண்ணசந்திருந்த. வேலையில நிக்கிறாளாம். அம்மாவ எழுப்ப வேணாம்னா. பௌர்ணமி போயா லீவுக்கு வர்றாளாம்."

பொய் தடங்கலில்லாமல் வந்துவிட்டது.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

அன்னலட்சுமியின் முகம் தெளிந்தது. இதற்கு மேலும் மறுத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தானோ என்னவோ, ரவிகுமாரே போய் டிவியைப் போட்டான்.

சஞ்சீவனி வணக்கம் சொன்னாள்.

"என்னா இது, ஒரு கரை கூட இல்லாத வெள்ளச் சேலை! ஒருநாளும் இந்தப் புள்ள இப்படி வந்ததில்லையே. கண்ணு வேற வீங்கியிருக்கு."

"சளி தடிமனா இருக்கும்," என்றார் ராஜலிங்கம்.

ரவிகுமார் போனில் அதே செய்தியின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜலிங்கம் எட்டிப் பார்த்தார். 'என்ன அக்கா, எழவு வீட்டுல இருந்து நேரா வந்துட்டீங்களா?' என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஆளாளுக்குச் சிரித்து வைத்திருந்தார்கள். ரவிகுமார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

"இன்று காலை கொழும்பில் இடம்பெற்ற வீதி விபத்தில் பெண் ஒருவர்..."

ராஜலிங்கத்தின் கை இடுப்பிலிருந்த ரிமோட்டுக்குப் போனது. சஞ்சீவனியின் குரல் அந்த இடத்தில் தடுமாறியது. நல்லவேளை, பெயரைச் சொல்லாமல் அடுத்த செய்திக்குத் தாவிவிட்டாள்.

அன்னலட்சுமி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் கண் சஞ்சீவனியின் தோளிலேயே இருந்தது.

"முந்தானை மடிப்பப் பார்த்தீங்களா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. தோள்ல குத்தின ஊசி பளபளன்னு வெளிய தெரியுது."

ராஜலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேலைப் பேச்சில் இறங்கிவிட்டாள், இனி இன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்.

"அவசரத்துல கட்டியிருக்கும். விடு அன்னம்."

செய்தி முடிந்தது. அன்னலட்சுமி போனை எடுக்கவில்லை. டிவியை நிறுத்தச் சொன்னாள். வெளியே நுவரெலியா பஸ் ஒன்று இரைந்துகொண்டு மேடு ஏறிப் போனது. அப்புறம் கணவரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கலா வேலையில நிக்கிறான்னா சொன்னீங்க?"

"ஆமா. அவளே சொன்னா."

"சஞ்சீவனிக்கு தெனமும் சேலை கட்டிவிடுறது தானேங்க அவ வேலை? அவ அங்க நின்னிருந்தா ஊசி தெரிய அனுப்பியிருப்பாளா? வேற ஒருத்தரையும் தொடவிடாம அந்தப் புள்ள தானே வெள்ளச் சேலையச் சுத்திக்கிட்டு வந்து அழுகைய அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

அன்னலட்சுமி தன் முந்தானையை எடுத்து ராஜலிங்கத்தின் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்காக மூஞ்சியக் கழுவிக் கழுவி நின்னது போதும், அழுதுடுங்க... எம் புள்ளய எப்ப கொண்டு வர்றாங்க?"