மஞ்சள் மீன்

அலங்கார மீன் கடையைத் தொடங்கி நடத்திவந்த முதலாளிக்கு மறுநாள் இதய ஆபரேஷன். அதற்காக வியாபாரத்தை விட்டுவிட முடியுமா? தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவரை வளைத்துப் பிடித்தார்.

“பாறை இடுக்குல வாழுற சிக்லிட் சார். ஏரி மீன். நீலம் ஆண்.”

“மஞ்சள் பெண்ணா?”

“அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. இந்த மஞ்சளும் ஆண்தான். பெரியவன் இருக்கிறவரைக்கும் பொண்ணு மாதிரி நிறத்தை வச்சுக்கிட்டுப் பதுங்கும். பெரியவன் கொஞ்சம் தளர்ந்தா போதும், நாலே நாள்ல நீலமாயிடும்.”

“அப்ப முன்னாடியே பிரிச்சிடணுமே?”

“பிரிக்கலாம். கண்டுபிடிக்கக் கண்ணு வேணும்ல?” பெருமையாகச் சிரித்தார். “மச்சான், சாருக்கு ஒரு ஜோடி பிடிச்சுக் குடு.”

மனைவியின் தம்பி, பத்து வருடமாக முதலாளியை எதிர்த்துப் பேசாதவன், வலையோடு வந்தான்; தொட்டி முன் நின்றவரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

“மீன் வேணாங்க, நான் போர்டு எழுதுறவன்,” என்றார் அவர், மச்சானைக் காட்டி. “இவர்தான் கடைக்குப் புது போர்டு சொல்லியிருக்காரு. நிறுவனர் பேருக்கு முன்னால ‘அமரர்’னு போடணுமாம். பெரியவர் காலமான தேதியைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

முதலாளி திரும்பிப் பார்த்தார். மச்சான் தலையைக் குனியவில்லை. போர்டுக்காரரிடம் சொன்னான்:

“நாளன்னைக்கு வாங்க, சொல்றேன்.”