மேக்ஸ்வெல்லின் கடைசிப் பீப்பாய்

"டம்ளரைச் சாய்ச்சுப் பிடி மக்கா. நேரா பிடிச்சா நுரைதான் வரும்" என்றார் கிறிஸ்துதாஸ்.

விக்ரமும் லோகேஷும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் குடித்தவன் எதிரே வந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிற நாகர்கோவில்காரர் அவர். இன்று வேப்பம்பட்டு மாந்தோப்பில், கூடாரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு, ஐஸுக்குள் புதைத்த ஸ்டீல் பீப்பாயிலிருந்து தன் கையால் பீர் பிடித்துக் கொடுக்கிறார். சர்ச் ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள்.

ஊற்றிக் கொடுக்க வேண்டியவன் மேக்ஸ்வெல், அவருடைய ஒரே மகன். மூன்று நண்பர்களும் வருஷத்துக்கு ஒருமுறை லோகேஷின் மாமனார் தோப்பில் கூடாரம் அடிப்பார்கள். பார்லியைக் காய்ச்சி வீட்டிலேயே பீர் தயாரிப்பதில் மேக்ஸ்வெல்லுக்கு அப்படி ஒரு பைத்தியம். 'இந்தத் தடவை ஒரு பீப்பாய் நிறையக் கொண்டாரேன்' என்று சொல்லி வைத்திருந்தான்.

பிப்ரவரியில், கேம்ப்புக்கு இரண்டு நாள் முன்பு, சென்னீர்குப்பம் அருகே லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். அன்று காலை வீட்டில் சாப்பிடாமல் பைக்கை எடுத்தவன். ஏன் என்று நண்பர்களுக்கு இதுவரை தெரியவில்லை.

எட்டு மாசம் கழித்து, போன வாரம் கிறிஸ்துதாஸே போன் செய்தார். "மேக்ஸ் உங்களுக்குச் சொன்ன பீப்பாயை நான் கொண்டு வாரேன். கேம்ப் போடுங்க மக்கா."

விக்ரம் ஒரு வாய் குடித்தான். கண் கலங்கிவிட்டது.

"அப்டியே மேக்ஸ் கைப்பக்குவம் மச்சான்."

"கொஞ்சங்கூட புளிக்கலடா" என்றான் லோகேஷ். "மூணு மாசம் தாண்டுனா வேலைக்காவாதுன்னு அவனே சொல்வான். இன்னாமா பண்ணிக்கீறான் பாரு!"

"நெசமாவே அவன் பண்ணுற மாதிரி இருக்கா?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ்.

"அதே டேஸ்ட் அங்கிள். நீங்களும் ஒரு வாய் குட்ச்சுப் பாருங்க."

"எனக்கு வேண்டாம். நீங்க வயிறு நிறையக் குடிங்க."

இரண்டாவது டம்ளரை நீட்டியபோது விக்ரம் வாங்கவில்லை.

"போதும் அங்கிள். அவன் பண்ணதுல இதான் கடைசி. ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கினு போறோம். புளிச்சாலும் பரவால்ல, வருசா வருசம் அவன் பொறந்த நாளுக்கு ஒரு முழுங்கு. நம்மகூடவே கீற மாதிரி இருக்கும்ல?"

லோகேஷ் உடனே தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினான். கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவன் மாதிரி, ஒரு சொட்டும் சிந்தாமல் பீப்பாயின் குழாய்க்கு அடியில் பிடித்தான். முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

கிறிஸ்துதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பாட்டில் பாதி நிறைந்தபோது அவருக்குத் தாங்கவில்லை, குழாயை மூடிவிட்டார்.

"இதை எடுத்து வைக்காதீங்க மக்கா. இது அவன் பண்ணதில்ல."

"இன்னா அங்கிள் சொல்றீங்க?"

"நான் பண்ணது. அவன் நோட்டுல எழுதி வச்சிருந்ததைப் பாத்துப் பண்ணேன். மூணு தடவை கெட்டுப் போச்சு. இது நாலாவது."

லோகேஷ் கையில் பிடித்திருந்த பாட்டிலையே பார்த்தான். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனுஷன், ருசியே தெரியாமல் காய்ச்சியிருக்கிறார்.

"அப்போ மேக்ஸ் எங்களுக்காகப் பண்ணது?" என்றான் விக்ரம் மெதுவாக. "அது எங்க அங்கிள்?"

கிறிஸ்துதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குக் காலைல, அவன் கண்ணு முன்னால, நான்தான் சாக்கடையில கொட்டுனேன்."