நாற்காலி கிடையாது

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்கள் கம்பெனியின் டூவீலர் பார்க்கிங்கில் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நான்தான் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறேன். நின்றுகொண்டேதான். நாற்காலி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று திருநெல்வேலி ஆபீசிலிருந்து பதில் வந்தது. அதை எழுதியவன் உட்கார்ந்துதானே எழுதியிருப்பான்?

போன திங்கட்கிழமை, கேமராவில் எங்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் மாரிசெல்வம் அந்த ஆபீசிலிருந்து போன் செய்தான்.

“பூரணக்கா, பக்கத்துல உக்காந்திருக்காரே, யாரு அவரு? வெளியாளை உள்ள விடக்கூடாதுன்னு சொன்னேம்லா?”

“இங்கன நான் ஒருத்திதான் நிக்கேன்.”

“பொய் சொல்லாதிய. நாற்காலி போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு.”

திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த வெறும் தரைதான் இருந்தது.

மறுநாள் மெமோ வந்தது. வெளியாளை உட்கார வைத்ததற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மணி நேரம் நிற்கிற எனக்குக் கிடைக்காத நாற்காலி, இல்லாதவனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

அந்த வெறும் தரையைப் பார்த்துக் கத்தினேன்.

“ஏலே, கொஞ்சம் எந்திரி. எனக்குக் கால் கடுக்கு.”

உடனே போன் அடித்தது.

“யக்கா, அவரை நிக்க வச்சிட்டு நீங்க உக்காந்துட்டியளா? டூட்டி நேரத்துல உக்காரக் கூடாது. எந்திரிங்க.”

போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். கால் கடுப்பு குறையவே இல்லை.